கேடயச் சுரப்பியும் ஒரு பொய்யும்

பத்திரிகைத் துறையில் முப்பது வருடங்களைக் கடந்துவிட்ட ஒருவன் தனது நோயைப் பற்றி எழுதுவதற்குக் கூச்சப்படுவது இயல்பு. மற்றவர்களுடைய கதைகளை எழுதியே பழகிப்போன கை இது. ஆனால், பல்கலைக்கழக காலத்து நண்பர் ஒருவர் கடந்த மாதம் கனடாவில் இருந்து தொலைபேசியில் அழைத்துச் சொன்ன விடயம் என்னை இதை எழுதத் தூண்டியிருக்கிறது.

"மச்சான், எனக்குத் தைரொயிட் குறைவாம். குளிசை தந்திருக்கினம். நாலு மாதமாப் போடுறன், ஒரு மாற்றமும் இல்லை. டொக்டரை மாத்தப்போறன்" என்றார் அவர்.

"குளிசையை எப்படிப் போடுறனி?" என்று கேட்டேன்.

"காலமை தேத்தண்ணியோடைதான். பால்தேத்தண்ணி."

"அதை டொக்டரிட்டைச் சொன்னனியோ?"

"அவர் கேக்கேல்லை. ஒழுங்கா எடுக்கிறீங்களோ எண்டு மட்டும் கேட்டார். ஓம் எண்டு சொன்னன்."

அந்த 'ஓம்' எனக்கு மிகவும் பரிச்சயமானது. அதே 'ஓமை' நானும் ஒரு வைத்தியரிடம் இரு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் கொழும்பில் நாளிதழ் ஒன்றின் ஆசிரிய பீடத்தில் இரவுக் கடமைக்குப் பொறுப்பாக இருந்தேன். பக்கங்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னர் இறுதியாகப் பார்க்கவேண்டிய பொறுப்பு என்னுடையது. குளிரூட்டப்பட்ட அந்த மண்டபத்தில் மற்றவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்ய, நான் மாத்திரம் நுவரெலியா பயணத்துக்காக எப்போதோ வாங்கிய சுவெற்றரை அணிந்துகொண்டிருப்பேன். தொலைபேசியில் என் குரலைக் கேட்பவர்கள் "தடிமனோ?" என்று விசாரிப்பார்கள். சாப்பாடு குறைந்திருந்தும் உடல் எடை கூடியது. தோல் வரண்டது. புருவத்தின் வெளியோரங்களில் முடி குறைந்துபோயிருப்பதை எனது முடி திருத்துபவரே முதலில் கவனித்துச் சொன்னார். ஒன்பது மணித்தியாலங்கள் உறங்கி எழுந்தாலும் உறங்காதவனைப் போன்றே இருந்தேன். இவை எல்லாவற்றுக்கும் நான் வைத்துக்கொண்ட விளக்கம் ஒன்றே ஒன்றுதான். வயது போகிறது.

உடலை விடவும் மூளையின் மந்தமே என்னைக் கூடுதலாகக் கலவரப்படுத்தியது. நன்கு தெரிந்த சொல் ஒன்று தேவையான நேரத்தில் வராது. ஒரு பந்தியை மூன்று தடவைகள் வாசித்தாலும் மனதில் நிற்காது. ஒரு நாள் அந்த மந்தம் அச்சிலும் வந்துவிட்டது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி விளம்பரம் ஒன்றில் இறந்துபோன தாயாரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உயிருடன் இருக்கும் மகளின் பெயர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் என் கண்களைக் கடந்துதான் போயிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்காக வெள்ளவத்தையில் அவர்களது வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அந்த மகள்தான். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பத்திரிகையை மடித்து, தனது பெயர் இருந்த இடத்தை மாத்திரம் என்னிடம் காட்டினார்.

அன்றிரவு இராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

எனது மனைவி ஆசிரியை. அவருடன் படிப்பிக்கும் ஒருவருக்கு இதே அறிகுறிகள் இருந்தது அவருக்குத் தெரியும். "உங்களுக்கு வயசு போகேல்லை. ஒருக்கா இரத்தத்தைச் சோதிச்சுப் பாப்பம்" என்று விடாப்பிடியாக நின்றார். தைரொயிட் குறைபாடு பெண்களுக்கே கூடுதலாக வருகிறது என்பது உண்மை. ஆனால், ஆண்களுக்கு வராது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆய்வுகூட அறிக்கையில் ரி.எஸ்.எச். என்ற வரிக்கு எதிரே 48 என்று அச்சிடப்பட்டிருந்தது. சாதாரணமாக இருக்கவேண்டிய அளவு சுமார் 0.4 தொடக்கம் 4 வரை.

நான் கலைப் பட்டதாரி. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் 'கேடயச் சுரப்பி' என்று ஒரு படத்தைப் பார்த்த நினைவு இருந்தது. கிரேக்க மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்தே அந்தப் பெயர் வந்தது. கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழாயைத் தழுவிக்கொண்டு வண்ணத்துப்பூச்சியின் வடிவில் இருக்கும் சிறிய சுரப்பி அது. நாம் உண்ணும் உணவில் உள்ள அயடீனைக் கொண்டு அது தயாரிக்கும் ஹோர்மோனே உடலின் ஏறத்தாழ எல்லா உறுப்புகளினதும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இந்தளவு எனக்கும் விளங்கியது. அந்த 48தான் விளங்கவில்லை. சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்றால் எண் எவ்வாறு கூடலாம்?

என்னைப் பார்த்த வைத்திய நிபுணர் என்னை விடப் பத்து வயதாவது இளையவர். பகலில் அரசாங்க வைத்தியசாலையில் கடமையாற்றிவிட்டு மாலையில் தனியார் நிலையமொன்றில் நோயாளர்களைப் பார்ப்பவர். எனது தொழிலைக் கேட்டறிந்துகொண்டு அவர் அளித்த விளக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"உங்கட நிருபர் செய்தி அனுப்பாட்டி நீங்கள் என்ன செய்வீங்கள் ஐயா?"

"கோல் எடுப்பன்."

"அப்பவும் அனுப்பாட்டி?"

"திரும்பத் திரும்ப எடுப்பன். சத்தமும் போடுவன்."

"அதுதான் ரி.எஸ்.எச். மூளைக்குக் கீழ இருக்கிற கபச் சுரப்பி எடுக்கிற கோல். தைரொயிட் வேலை செய்யாட்டி அதின்ர சத்தம் கூடும். உங்களுக்கு 48 தரம் கோல் எடுத்தும் அங்கால பதில் இல்லை."

மேலதிகப் பரிசோதனைகள், எனது உடலின் நோய் எதிர்ப்புத் தொகுதியே தனது தைரொயிட்டை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கியிருப்பதைக் காட்டின. ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் முதன்முதலாக விபரித்த நோய் அது. இன்றும் அவருடைய பெயரிலேயே அழைக்கப்படுகிறது. "அயடீன் கூடச் சேர்க்க வேணுமோ?" என்று கேட்டேன். இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் இருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டிருப்பதையும் எனது பிரச்சினை அயடீன் பற்றாக்குறை அல்ல என்பதையும் அவர் விளக்கினார். அளவுக்கு மிஞ்சிய அயடீன் இந்த நோயை மோசமாக்கவும் கூடும் என்று எச்சரித்தார். எனது கொலஸ்ட்ரோலும் கூடியிருந்தது. அதற்கு அவர் அப்போது மருந்து எழுதவில்லை. "தைரொயிட் சரிவர அதுவும் குறையலாம். பொறுத்துப் பாப்பம்" என்றார். அவ்வாறே குறைந்தது.

தைரொக்சின் 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75 ஆகக் கூட்டினார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் காத்திருந்தே இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உடலில் இருக்கும் தைரொக்சினில் பாதி வெளியேறுவதற்கே சுமார் ஒரு வாரம் எடுக்கும். எனவே, புதிய அளவு நிலைபெறுவதற்கு முன்னர் பார்க்கும் எண் எம்மைத் தவறாக வழிநடத்திவிடும். செய்தி உறுதியாவதற்கு முன்னர் அச்சேற்றக்கூடாது என்ற எங்கள் தொழில் விதியைப் போன்றதே இதுவும்.

இந்தச் சிறிய வெள்ளைக் குளிசையின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னமும் குறையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலம் வரை இந்த நோய் முற்றியவர்களைக் காப்பாற்ற வழியிருக்கவில்லை. முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, சிந்தனை மங்கிச் சிறிது சிறிதாக அடங்கிப்போவார்கள். 1891இல் இங்கிலாந்தின் நியூகாஸிலைச் சேர்ந்த ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர் செம்மறியாட்டின் தைரொயிட்டில் இருந்து எடுத்த சாற்றை அவ்வாறான ஒரு பெண்மணிக்கு ஊசி மூலம் ஏற்றினார். அந்தப் பெண்மணி தேறினார். பின்னர் அதே சாற்றை வாய்மூலம் உட்கொண்டு மேலும் 28 வருடங்கள் வாழ்ந்து 1919இல் 74ஆவது வயதில் மரணமடைந்தார். அவருக்காக 870க்கும் அதிகமான செம்மறியாடுகளின் தைரொயிட் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மறே பின்னர் எழுதினார். 1914இல் எட்வேர்ட் கெண்டல் தைரொக்சினைப் பிரித்தெடுத்தார். 1927இல் அது ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அத்தனை ஆடுகள் செய்த வேலையை இன்று ஒரு சிறு குளிசை செய்கிறது.

எனக்கும் செய்தது. மூன்றாவது மாதமளவில் சுவெற்றர் அலுமாரிக்குப் போனது. குரல் தெளிந்தது. சொற்கள் திரும்பி வந்தன. இராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், சுகம் வந்ததும் அலட்சியமும் கூடவே வந்தது.

குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரம் போட வேண்டும், அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை எதையும் உட்கொள்ளக்கூடாது என்று வைத்தியர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பத்திரிகையில் இரவுக் கடமை பார்ப்பவனுக்கு அது இலேசான காரியமல்ல. அதிகாலை இரண்டரை மணிக்கு வீடு திரும்பி, பத்து மணிக்குப் பின்னர் எழும்பி, கண்ணைத் திறந்ததும் கை தேநீர்க் கோப்பையையே தேடும். குளிசை பால்தேநீருடன் போனது. சில நாட்கள் மறந்தும் போனது. முழங்கால் வலிக்காக யாரோ சொன்னார்கள் என்று கல்சியம் குளிசை ஒன்றையும் அதே கையோடு விழுங்கினேன். கல்சியமும் இரும்புச்சத்துக் குளிசைகளும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் இடையில் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்வதற்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு முதலில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

2016இல் ரி.எஸ்.எச். 14க்கு ஏறியது.

"குளிசையை ஒழுங்கா எடுக்கிறீங்களோ ஐயா?"

"ஓம் டொக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெளியே முப்பது பேர் இலக்கத்துடன் காத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். அது உண்மையான காரணமல்ல. என்னைப் பத்திரிகையாளன் என்று மதித்துப் பேசிய அந்த இளம் வைத்தியரின் முன்னால், ஒரு குளிசையை ஒழுங்காகப் போடத் தெரியாதவனாக நிற்பதற்கு வெட்கப்பட்டேன். அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் உண்மையைக் கறக்க வேண்டும் என்று இளம் நிருபர்களுக்கு வகுப்பெடுத்தவன், ஒரு நேரடிக் கேள்விக்கு மழுப்பினேன். அவர் 75ஐ 100 ஆக்கினார். அடுத்த தடவையும் எண் போதுமானளவு இறங்கவில்லை. அதே கேள்வி, அதே பதில். 125 ஆக்கினார்.

2018இல் வார வெளியீட்டுக்கு மாற்றப்பட்டேன். பகல் வேலை. காலை ஐந்தரைக்கு எழும்பும் பழக்கம் வந்தது. குளிசை வெறும் வயிற்றில் ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கியது. முழங்கால் வலி குறைந்ததால் கல்சியத்தையும் நிறுத்திவிட்டேன். நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று எனக்குள் பெருமை. உடம்புக்குள் போனதோ, நான் சொன்ன பொய்க்காக எழுதப்பட்ட அளவு.

இரண்டு மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். கையெழுத்துப் போடும்போது விரல்கள் நடுங்கின. தூக்கம் போனது. சிறிய விடயங்களுக்கெல்லாம் மனைவியுடன் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் நள்ளிரவில் இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்ள, மாரடைப்பு என்று பயந்த மனைவி என்னை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓடினார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை. வேகமான துடிப்பும் இடையிடையே மேலதிகத் துடிப்புகளும் இருந்தன. ரி.எஸ்.எச். 0.02. இம்முறை கபச் சுரப்பி கோல் எடுப்பதையே நிறுத்திவிட்டது.

மறுநாள் வைத்தியரின் முன்னால் மனைவியும் நானும் இருந்தோம். அவர் பழைய அறிக்கைகளை எல்லாம் வரிசையாக மேசையில் பரப்பி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"ஐயா, இந்த 14 வந்த காலத்தில நீங்கள் எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்? எழும்பினவுடன முதல்ல வாயில என்ன வச்சனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர், மறந்த நாட்கள், கல்சியம், எல்லாம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கு விபரிக்கத் தேவையில்லை.

வைத்தியர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "உங்கட இரத்தம் ஒண்டு சொல்லிச்சுது, நீங்கள் இன்னொண்டு சொன்னீங்கள். ரெண்டும் பொருந்தேல்லை எண்டு தெரிஞ்சும் நான் இன்னும் ரெண்டு கேள்வி கேக்காம அளவைக் கூட்டினனான். அது என்ர பிழை. ஆனா ஐயா, இதே அளவு இன்னும் கனகாலம் போயிருந்தா இதயத் துடிப்பு நிரந்தரமாக் குழம்பியிருக்கலாம். எலும்பும் தேஞ்சிருக்கும். அந்தக் குளிசையை எழுதினது என்ர கை."

தவறான தகவலை நம்பி எழுதிய செய்திக்காக அடுத்த நாள் மன்னிப்புக் கோரும் நிலை எனக்கு நேர்ந்திருக்கிறது. தகவல் தந்தவன் மறைந்துவிடுவான். பெயர் கெடுவது எழுதியவனுக்கு. அவ்வாறான மனிதர்களை வாழ்நாள் முழுவதும் வெறுத்தவன் நான். அன்று அந்த அறையில் நானே அந்த மனிதனாக இருந்தேன்.

அடுத்து அவர் சொன்னதே எனக்குக் கூடுதலாக உறைத்தது. "இரவு வேலை எண்டு அப்பவே சொல்லியிருந்தா, காலமை போடத் தேவையில்லை, கடைசியாச் சாப்பிட்டு மூண்டு மணித்தியாலம் கழிச்சுப் படுக்கப் போகேக்கை போடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். அதுவும் நல்லா வேலை செய்யும்." இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, அதிகாலை மூன்று மணிக்குப் படுப்பவனுக்கு அதை விட வசதியான வழி வேறென்ன? இரண்டு வருடங்களாகத் தீர்வு அந்த மேசையின் மறுபக்கத்தில் காத்திருந்தது. எனது வெட்கமே குறுக்கே நின்றது.

சில நாட்கள் குளிசையை நிறுத்திவைத்து, பிறகு மீண்டும் 75இல் ஆரம்பித்தோம். 'ஆரம்பித்தோம்' என்று பன்மையில் எழுதுவது தெரிந்தேதான். நிருபர்கள் பாவிக்கும் சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கி, குளிசை போட்ட நேரம், தவறிய நாள், புதிதாக எடுத்த வேறு மருந்து ஆகியவற்றைக் குறித்து வைக்கிறேன். வைத்தியர் அதை முதலில் வாசித்த பின்னரே இரத்த அறிக்கையைப் பார்ப்பார். 'மறந்துவிட்டேன்' என்று அதில் எழுதுவதற்கு ஆரம்பத்தில் கை கூசியது. இப்போது கூசுவதில்லை.

2019இல் மீண்டும் இரவுக் கடமைக்குப் போனேன். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னரான நாட்களில் வீடு திரும்பும் நேரம் எதுவென்று தெரியாமல் இருந்தபோதும் படுக்கைக்குப் போகும்போது போடும் குளிசை தவறவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடியினால் நாட்டில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நான் வழமையாகப் பாவிக்கும் வணிகப் பெயரில் குளிசை கிடைக்கவில்லை. பாமசியில் கிடைத்த வேறொன்றை வாங்கிவிட்டு அன்றே வைத்தியருக்கு அறிவித்தேன். ஆறு வாரங்களில் இரத்தத்தைச் சோதித்து அளவு சரியாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். கடந்த வருடம் டொரொண்டோவில் இருந்து எனது தங்கை அன்போடு அனுப்பிய தலைமுடி வளர்ச்சிக்கான விற்றமின் போத்தலையும் புத்தகத்தில் எழுதியிருந்தேன். அதிலுள்ள பயோட்டின் சில ஆய்வுகூட முறைகளில் தைரொயிட் எண்களைப் பொய்யாகக் காட்டும் என்று சொன்ன வைத்தியர், அதை நிறுத்தி சில நாட்கள் கழித்தே இரத்தம் கொடுக்கச் சொன்னார். எழுதாமல் விட்டிருந்தால், இம்முறை நான் பொய் சொல்லாமலேயே அவர் ஏமாந்திருப்பார்.

கனடா நண்பருக்கு நான் வைத்தியம் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்குக் கிடையாது. ஒருவருக்குப் பொருந்தும் அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. வைத்தியரை மாற்றுவதற்கு முன்னர் அந்தப் பால்தேநீரைப் பற்றி அவரிடம் ஒரு தடவை சொல்லிப்பார் என்று மாத்திரமே சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் மௌனம்.

"சொன்னால் ஏசுவாரோ?" என்று கேட்டார், அறுபதை நெருங்கும் அந்த மனிதர்.

ஏசினாலும் பரவாயில்லை, சொல் என்றேன்.